நாகூர் ரோட்டில் ஒரு யூத ஆலயம்

பினாங்குத் தீவைத் தமிழர்க்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய நம்மவர்களில் எத்தனையோ பேர் முதன்முதலாகக் கால் வைத்த அக்கரை அதுவே. ரஜூலா என்ற கப்பலின் பெயர் தஞ்சைக் கரையோரத்து வீடுகளில் இன்னமும் ஒரு தலைமுறையின் வாயில் வழங்குகிறது. 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலும், கடையநல்லூராரும் நாகூராரும் தொழுதெழும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், தைப்பூசத்தன்று காவடிகள் வந்து சேரும் தண்ணீர்மலை தண்டாயுதபாணியும் யாத்திரிகர் அனைவரும் கண்டு, அவர்களிற் பலர் எழுதியும் வைத்தவை. ஆனால், அந்தத் தீவில் யூதர்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குடியிருந்தனர் என்பதும், அவர்களுடைய ஜெபாலயம் நாகூரின் பெயர் தாங்கிய ஒரு தெருவில் நாற்பத்தேழு ஆண்டுகள் நடைபெற்றது என்பதும் நம்மவர் எழுத்தில் அவ்வளவாக இடம்பெறவில்லை.

இதில் எனக்கு ஆர்வம் உண்டாவதற்கு நான் வாழும் இடமே காரணம் என்று நினைக்கிறேன். தருமபுரி மாவட்டத்தில், அரூரிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பாதையின் முடிவில், சேர்வராயனுக்கும் கல்வராயனுக்கும் இடையே அமைந்திருக்கிறது சித்தேரி மலை. அடிவாரத்து வாச்சாத்தியின் பெயரை நாடறியும். மேலே சிற்றூர்களாகச் சிதறிக் கிடக்கும் எங்கள் மலையின் பெயரை அரூரைத் தாண்டினால் அறிந்தவர் குறைவு. சாமையும் கேழ்வரகும் விதைத்து வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் என்று சொல்லுகிறார்கள். அண்ணன் தம்பியர் மூவர் மூன்று மலைகளுக்குப் பிரிந்து சென்ற கதையை அவர்கள் சொல்லும்போது, அது நேற்று நடந்தது போலவே இருக்கும். இம்மக்களோடு நெடுங்காலம் பழகியவனுக்கு, சிறு கூட்டமாக வந்த ஒரு ஜனம் பெருங்கூட்டத்தின் நடுவே தன்னைத் தானாகவே வைத்துக்கொள்வது எவ்வாறு என்ற கேள்வி எங்கே போனாலும் கூடவே வருகிறது. பினாங்கிலும் அது என்னோடு கப்பலேறியது.

கப்பல் என்றது பட்டர்வொர்த்திலிருந்து ஜலசந்தியைக் கடக்கும் சிறு படகையே. கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கியவன், எதிர்க்கரையில் வெயில் தகதகக்கும் ஜார்ஜ் டவுனைப் பார்த்துக்கொண்டே கால்மணி நேரத்திற்குள் தீவை அடைந்துவிடலாம். 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் தேதி பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கொடியேற்றியபோது இக்கரை பெரும்பாலும் காடு. கெடா சுல்தானிடமிருந்து பெற்ற அந்தத் தீவுக்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டு, சுங்கம் விதியாத துறைமுகம் என்று பறைசாற்றினார் லைட். சுங்கம் இல்லை என்ற ஒரு சொல்லுக்கு வர்த்தகர் உலகில் எவ்வளவு வசியம் உண்டு என்பதற்கு இத்தீவே சாட்சி: சோழமண்டலக் கரையிலிருந்து மரைக்காயர்கள் வந்தார்கள், சீனர் வந்தனர், ஆர்மீனியர், பார்சிகள், அரபியர், ஆச்சேயர் வந்தனர், அவர்களோடு யூதரும் வந்தனர். 1805-இல் பினாங்கு வங்காளம், சென்னை, பம்பாய் ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது ராஜதானியாக உயர்த்தப்பட்டது. யூதர் மயானம் தோன்றியதும் அந்த ஆண்டில்தான் என்று சொல்லப்படுகிறது.

யூத வர்த்தகர் நமக்குப் புதியவர்கள் அல்லர் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். சென்னை முத்தியாலுப்பேட்டையில் பவழக்காரத் தெருவில் நடப்பவர்களில் எத்தனை பேர், பதினேழாம் நூற்றாண்டில் மத்தியதரைக்கடல் பவழத்தைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற லண்டன் யூதர்களை எண்ணிப் பார்க்கிறார்கள்? அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் டி பைவா 1687-இல் சென்னையிலேயே இறந்தார். மறு ஆண்டு நகராண்மைச் சபை நிறுவப்பட்டபோது அதில் யூத வணிகரும் அங்கம் பெற்றனர். ஆனால், அவர்கள் போர்த்துக்கல் வழிவந்தவர்கள். கொச்சி மட்டாஞ்சேரியின் யூதர்களோ அவர்களினும் பழமையான வேறொரு கிளை. பினாங்குக்கு வந்தவர்களில் பெரும்பான்மையோர் இவ்விரு கிளைகளையும் சேராதவர்கள், பாக்தாத் யூதர்கள்.

பாக்தாதில் 1817 முதல் 1831 வரை ஆட்சி செலுத்திய தாவூத் பாஷாவின் கொடுமைக்கு அஞ்சிச் செல்வம் படைத்த யூதக் குடும்பங்கள் கிழக்கே நகர்ந்தன. டேவிட் சசூன் என்பார் பம்பாயை அடைந்து ஒரு பெரிய வர்த்தக வம்சத்துக்கு வித்திட்டது இதன் விளைவே. அவருக்கும் முன்னமே, 1798-இல், அலெப்போவிலிருந்து வந்த ஷாலோம் கோகென் கல்கத்தாவில் குடியேறியிருந்தார். பம்பாய், கல்கத்தா, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், ஷாங்காய் என்று துறைமுகத்துக்குத் துறைமுகம் ஒரு சித்தப்பாவோ மைத்துனனோ கடை வைத்திருந்தமையால், எபிரேய எழுத்தில் எழுதப்பட்ட அரபு மொழிக் கடிதம் ஒன்று பாக்தாதில் புறப்பட்டால் ஷாங்காய் வரை அந்நியர் கை படாமலே போய்ச் சேரக்கூடும். ஜவுளியும் அவுரியும் நவமணிகளும் அவர்கள் சரக்கு, அபினியும் சரக்கே. அபினி என்றதும் முகம் சுளிப்பவர்கள், அக்காலத்தில் கம்பெனியே அதை ஏலம் விட்டது என்பதையும், பினாங்குத் தெருக்களில் அதைச் சில்லறையாக விற்கும் குத்தகை சீனப் பெருவணிகர் கையில் இருந்தது என்பதையும், நம்மவர்களுக்கும் அத்துறைமுகத்தின் செழிப்பில் பங்கு இருந்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஒரு சமூகத்தின் தலையில் மட்டும் அப்பாவத்தைச் சுமத்துவது சரித்திரம் ஆகாது.

மயானம் இருக்கும் தெருவுக்கு முன்பு யாஹூதி ரோடு, அதாவது யூதர் தெரு, என்று பெயர். இப்போது ஜாலான் ஜைனால் ஆபிதீன். வண்டியோட்டியிடம் புதுப் பெயரைச் சொன்னால் சிறிது யோசித்தார். பழைய பெயரைச் சொன்னதும் வண்டி கிளம்பிவிட்டது. பாலஸ்தீனத்தின் துயரம் இந்நாட்டாரின் மனத்தை மிக ஆழமாகத் தொட்ட ஒன்று. பெயர் மாற்றத்திற்குக் காரணம் எதுவாயினும், அந்தக் கொந்தளிப்பையெல்லாம் கடந்து மயானத்துச் சுவர் குலையாமல் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்வது நியாயம்.

இரும்புக் கதவுக்கு அப்பால் புல்தரை. அதில் நூற்றுச் சொச்சம் கல்லறைகள். நம் நாட்டுக் கிறிஸ்தவ, இஸ்லாமிய மயானங்களைக் கண்டு பழகிய கண்ணுக்கு இவற்றின் உருவமே நூதனம். ஆளுயர நீளத்தில் ஒரு கற்பேழை. அதன்மேல் கூரை முகடு போல இரு பக்கமும் சரிந்து நடுவே கூர்த்த கல்மூடி. அந்த மூடியின் சரிவிலோ தலைமாட்டுப் பலகையிலோ எபிரேய எழுத்து. பாசி படர்ந்து கறுத்தவை சில. சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிபவை சில. பெயரும் தந்தை பெயரும் இறந்த நாளும், அந்த நாளும் உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணும் அவர்கள் கணக்கில். இங்குள்ளவற்றில் மிகப் பழைய கல்லறை ஷோஷான் லெவி என்ற அம்மையாருடையது. 1835-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் தேதியிட்டது. அவர்கள் கணக்கில் அது 5595. இந்த நிலத்தையே தானமாக அளித்தவர் அந்த அம்மையார்தாம் என்று நம்புகிறார்கள். சில கல்லறைகளின் மேல் கூழாங்கற்கள் இருந்தன. மலர் சார்த்துவது அவர்கள் வழக்கமன்று. வந்து போனதற்கு அடையாளமாக ஒரு கல்லை வைத்துச் செல்வார்கள். மேல்பாதி வெயிலில் காய்ந்து, அடிப்பாதி ஈரத்தில் பச்சைபிடித்திருந்த ஒரு கல், வைத்துப் பல மழைக்காலம் ஆகியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் நடுகற்களுக்குப் பேர்போனது. பல்லவர் காலத்து வட்டெழுத்தில், இன்ன அரசனின் இன்ன ஆட்சியாண்டில், ஆநிரை மீட்டு இன்னான் பட்டான் என்று பொறித்த கற்கள் தருமபுரி அருங்காட்சியகத்திலும் அரூர், செங்கம் பகுதி வயல்வெளிகளிலும் நிற்கின்றன. அவற்றைப் படித்துப் பழகியவனுக்கு இந்த யூதக் கற்களில் ஒரு வேற்றுமை உடனே புலப்பட்டது: இங்கே அரசன் பெயர் இல்லை. கம்பெனி, மகாராணி, சுதந்தர மலாயா என்று கொடிகள் மாறியிருக்கின்றன; கல்லில் ஒன்றும் ஏறவில்லை.

வடகிழக்கு மூலையில் ஒதுங்கிச் சில கல்லறைகள் இருக்கின்றன. இவை கோகென் வம்சத்தாருடையவை. பூர்வத்தில் ஆலயத்துப் புரோகிதராய் இருந்தோரின் வழியினர். பிணத்தின் தீட்டு அவர்களைத் தீண்டலாகாது என்பது விதி. ஆதலால் மயானத்தின் உட்பகுதிக்கு அவர்கள் வருவதில்லை. தம் குலத்தாரின் கல்லறை ஓரத்தில் இருந்தால், மற்றக் கல்லறைகளின் நடுவே புகாமல் வெளியே நின்று பார்த்துச் செல்லலாம் அல்லவா? அந்த மூலையில் இருக்கும் ஒரு கல்லறையைப் பராமரிப்பது யூத சமூகம் அன்று. உலகெங்கும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துப் போர்வீரர் கல்லறைகளைப் பேணும் ஆணையம். பிரிட்டிஷ் இந்தியப் படையின் ஒன்பதாவது ஜாட் ரெஜிமெண்டில் லெப்டினன்டாக இருந்த எலியாஹு ஹயீம் விக்டர் கோகென் 1941-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி ஒரு விபத்தில் மாண்டார். ஹரியாணாச் சிப்பாய்களைக் கொண்ட படையில், பாக்தாத் வழிவந்த பெயருடைய ஓர் அதிகாரி, மலாய்த் தீவு ஒன்றில் அடங்கியிருக்கிறார். சாம்ராஜ்யம் என்பது மனிதரை எவ்விதம் கலைத்துப்போட்டது என்பதற்கு இதைவிட வேறு ஏடு வேண்டியதில்லை. இரண்டு மாதம் கழித்து ஜப்பானியர் குண்டு வீசிய ஊரை அவர் பார்க்கவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். 1881-இல் பினாங்கில் 32 யூதர், 1891-இல் 155, 1899-இல் ஆண் 70, பெண் 42, குழந்தைகள் 60 ஆக 172, 1901-இல் 45, 1941-இல் 30. இரண்டே ஆண்டில் நூற்றிருபத்தேழு பேர் மறைந்தார்கள் என்றால், எண்ணியவர்களின் முறையும் ஓரளவு மாறியிருக்கும் என்றே தோன்றுகிறது. 1895-இல் பாக்தாதிலிருந்து வந்து சேர்ந்த எசக்கியேல் ஆரோன் மனாசே என்ற வர்த்தகர், முப்பது ஆண்டுக் காலம் மலாயாவில் ஆசாரம் தவறாத யூதன் தான் ஒருவனே என்று சொல்லிக்கொண்டதாகக் கூறுவார்கள். மேற்சொன்ன கணக்கோடு இந்தப் பெருமை பொருந்தாது. ஆனால், வைதிகர்கள் எந்த மதத்திலும் அண்டை வீட்டாரின் ஆசாரத்தை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை என்பதை நினைத்தால் முற்றும் பொய்யென்றும் தள்ள முடியாது.

எவ்வாறாயினும், தேய்வு யுத்தத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது என்பதில் ஐயமில்லை. சிறு சமூகம் ஒன்று அழிந்தது என்று கேட்டதும், யார் துரத்தினார்கள் என்று பகைவனைத் தேடுவது நம் இயல்பு. பினாங்கில் அப்படி ஒரு பகைவன் அகப்படவில்லை. 1826-இல் மலாக்காவும் சிங்கப்பூரும் பினாங்கோடு ஒரே ஆட்சியில் இணைக்கப்பட்டன. 1832-இல் தலைநகரம் சிங்கப்பூருக்குப் போயிற்று. 1869-இல் சூயஸ் திறந்து நீராவிக் கப்பல்கள் பெருகியபின் கிழக்கின் பெருவாணிபம் மேன்மேலும் அந்தத் தென்முனைத் தீவையே நாடிற்று. கல்கத்தாவிலிருந்து சிங்கப்பூருக்கு 1861-இல் வந்த மனாசே மேயர் அங்கே எடுத்த மாளிகைகளையும், 1878-இல் வாட்டர்லூ தெருவில் எழுந்த மகாயின் அபோத் ஆலயத்தையும், 1905-இல் மேயர் தம் செலவில் கட்டிய செசெத்-எல் ஆலயத்தையும் பார்த்தால், பினாங்குப் பிள்ளைகள் ஏன் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது விளங்கும். வர்த்தகம் அழைத்து வந்த ஜனத்தை வர்த்தகமே மறு துறைமுகத்துக்கு அழைத்துக்கொண்டு போயிற்று.

இத்தனை தேய்ந்தபிறகு, 1929-இல், நாகூர் ரோடு 28-ஆம் எண் வீட்டில் அவர்கள் ஜெபாலயம் ஒன்றைத் திறந்தது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. சிங்கப்பூர் ஆலயங்களைப் போலத் தூணும் மாடமும் கொண்டதன்று. வரிசைக் கடைவீடுகளில் ஒன்று. நான் போனபோது அந்தக் கட்டடத்தில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. யூதர் சின்னம் எதையும் என்னால் அடையாளம் காண முடியவில்லை. அருகே இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில், கல்லாவில் உட்கார்ந்திருந்த முதியவர் தமிழ் முஸ்லிம் என்று கண்டு பேச்சுக் கொடுத்தேன்.

“வாங்க தம்பி, ஊரு எது?”

“சித்தேரின்னு ஒரு மலை, பாய். அரூர் பக்கம்.”

“அரூர்… சேலத்துக்கு அங்கிட்டா? நமக்குக் கடற்கரை ஊருங்கதான் தெரியும்” என்று சொல்லித் தேநீரை நுரை பொங்க ஆற்றிக் கொடுக்கச் சொன்னார். ஆலயத்தைப் பற்றிக் கேட்டதும் விரலை நீட்டிக் காட்டினார். “அந்த வரிசைதான். வெளியிலேந்து பாத்தா வீடு மாதிரியே இருக்கும். சனிக்கிழமைல வயசானவங்க நாலஞ்சு பேரு வருவாங்க. உள்ள போகமாட்டாங்க, வாசல்ல நின்னு தெருவையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. எதுக்கு நிக்கிறாங்கன்னு எங்களுக்கு வெளங்குனதே இல்ல, தம்பி. அப்புறம் போயிடுவாங்க.”

அவர்கள் எதற்காக நின்றார்கள் என்று ஊகிப்பது கடினமன்று. யூத தர்மத்தில் கூட்டுப் பிரார்த்தனைக்குப் பதின்மூன்று வயது நிரம்பிய ஆடவர் பத்துப் பேர் கூட வேண்டும். ஒன்பது பேர் மகாஞானிகளாக இருந்தாலும் போதாது. பத்தாமவன் பிரார்த்தனைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பவனாக இருந்தாலும் போதும். பத்துப் பேர் இல்லையேல் வேதச் சுருளை எடுத்து வாசிக்கும் சடங்கு இல்லை. செத்துப்போன தகப்பனுக்காக மகன் சொல்ல வேண்டிய காடிஷ் பிரார்த்தனையும் இல்லை. தனியாகத் தொழலாம், தெய்வம் கேளாமல் இராது, ஆனால் அது ஊர்த் தொழுகை ஆகாது. சுவரையும் கூரையையும் விட எண்ணிக்கையை ஆலயத்தின் அஸ்திவாரமாக வைத்த இந்த ஏற்பாடு, நாடிழந்து திரிந்த ஜனத்துக்கு எவ்வளவோ அநுகூலமாக இருந்திருக்கிறது: பத்துப் பேர் சேர்ந்தால் எந்தத் துறைமுகத்துக் கொட்டகையும் ஆலயம்தான். ஆயினும் அதே விதி, ஒன்பதாகக் குறைந்த நாளில் இரக்கமே காட்டுவதில்லை.

சித்தேரியில் எண் விதி ஏதும் இல்லை. ஆயினும் எங்கள் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் குடகு, கேரளத் தோட்டங்களுக்கும் இறங்கிப் போய்விடுகிறார்கள். திருவிழாவுக்குச் சாமி தூக்கத் தோள் வேண்டுமென்று பெரியவர்கள் ஒருவர் விடாமல் செல்போனில் கூப்பிட்டுக் கொண்டிருப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கூப்பிட்டால் ஓரிரவுப் பஸ்ஸில் வந்துவிடுவார்கள். மெல்போர்னுக்குப் போய்விட்ட பினாங்கு யூதர் ஒரு சனிக்கிழமைக்கு வர முடியுமா?

யுத்தம் அவர்களை அந்தத் தூரங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனைத் தாக்கின. ஆங்கிலேயர் தீவைக் கைவிட்டனர். யூதர்கள் சிங்கப்பூருக்குச் சென்றனர். சிங்கப்பூரும் 1942 பிப்ரவரியில் வீழ்ந்தது; மறு ஆண்டு அங்கிருந்த யூதர்கள் பலர் சிறைமுகாமில் அடைக்கப்பட்டனர். யுத்தம் முடிந்து பினாங்குக்குத் திரும்பி வந்தவர் சிலரே. மற்றவர்கள் சிங்கப்பூரிலேயே தங்கினார்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, புதிதாகப் பிறந்த இஸ்ரேல் என்று பிரிந்தார்கள். 1957-இல் மலாயா சுதந்தரம் அடைந்தபோது பினாங்கில் எஞ்சியிருந்தவர்கள் சிலரே. பத்தாமவன் கிடைக்காமல் 1976-இல் நாகூர் ரோட்டு ஆலயம் மூடப்பட்டது. யாரும் பூட்டச் சொல்லவில்லை, யாரும் கல்லெறியவுமில்லை.

ஆலயம் போயிற்று, மயானம் எப்படி நிலைத்தது? நிலவிலை ஏறிக்கொண்டே போகும் ஒரு நகரத்தின் நடுவில், கேட்பாரற்ற மயானம் அடுக்குமாடியாக மாறாமல் நிற்பது சாதாரணக் காரியமன்று. 1885-இலேயே அதற்கு ஒரு தர்மகர்த்தா சபையை ஏற்படுத்திவைத்திருந்தார்கள் அப்பெரியவர்கள். வர்த்தகர்கள் அல்லவா, பத்திரத்தின் அருமை தெரிந்தவர்கள். நம் ஊர்களில் சத்திரங்களையும் குளங்களையும் மனமுவந்து எழுதிவைத்த தர்மவான்கள், தம் சந்ததி இல்லாத காலத்தில் அவற்றை யார் பார்ப்பது என்பதையும் சேர்த்து எழுதிவைத்திருந்தால் எத்தனையோ சொத்துக்கள் மிஞ்சியிருக்கும். யூதரில்லாத பினாங்கில் யூதர் மயானம் சட்டப்படி இன்றும் மூடப்படாத மயானம்.

அப்படித் திறந்தே வைத்திருந்ததற்கு ஒரு பயனும் உண்டாயிற்று. 1885-இல் ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் தொடங்கிய, கடற்கரையை நோக்கி நிற்கும் ஈஸ்டர்ன் அண்டு ஓரியண்டல் ஹோட்டலைப் பினாங்கு சென்றவர்கள் மறக்க மாட்டார்கள். அதன் மேலாளராக இருந்த டேவிட் மொர்தெகாய், பினாங்கின் கடைசி யூதர் என்று ஊரார் குறிப்பிட்டவர், 2011 ஜூலையில் காலமானார். உறவினர் இருந்த தேசங்களில் எதற்கும் அவர் குடிபெயரவில்லை. மயானத்தில் அவருக்கு இடம் இருந்தது. அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். நான் கேட்டபோது ஹோட்டல் வரவேற்பறையில் இருந்த இளைஞருக்கு அவர் பெயர் தெரிந்திருக்கவில்லை, சமையலறைப் பக்கமிருந்து வந்த வயதான தமிழர் ஒருவர் மட்டும், “மொர்தெகாய் ஐயாவா? கறி சரியில்லன்னா தட்டோட திருப்பி அனுப்பிடுவாரு” என்றார்.